பொயக்காத்து: வீட்டுப் பெரியவர் சொன்ன சொல்லுக்கு வேர் தேடுவது எப்படி

"அத்தை, புயல் நம்ம நாட்டுக்கு வராதுன்னுதான் பள்ளியில சொல்லிக் கொடுத்தாங்க. அப்புறம் அப்பாயி எப்படிப் பொயக்காத்துன்னு சொன்னாங்க?"

தம்பி மகள் இப்படிக் கேட்டபோது கடையில் அரிசி மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. மலேசியாவில், தெலுக் இந்தானில், சாய்ந்த கோபுரத்திலிருந்து நடந்து வரும் தூரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். அவள் சொல்லும் அப்பாயி என் அம்மா. முப்பது வருடத்துக்கு மேல் தோட்டத்தில் கித்தா மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், பால் வெட்டியவர். வானத்தைப் பார்த்து அன்றைய கூலியைக் கணக்குப் போட்டவர். அவர் வாயில் வந்த ஒரு மழைச்சொல்லைத் தவறு என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. பாசத்துக்காகச் சரி என்று சொல்லிவிடவும் விருப்பமில்லை. அதனால் தேடினேன். தேடிய வழியை இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டில் கிடைக்கும் சொல் வேறாக இருக்கும். போகும் வழி பெரும்பாலும் இதுதான்.

பொருளுக்கு முன்னால் பொழுதை எழுதுங்கள்

ஒரு 555 நோட்டு வாங்குங்கள். நம் ஊரில் கடன் எழுதும் அதே சின்ன நோட்டுதான். பையில் அடங்கும், யார் வீட்டுத் திண்ணையிலும் எடுத்து எழுதலாம். சொல்லை ஒரு பக்கம் எழுதி எதிரே "பலத்த காற்று" என்று போட்டு மூடிவிடாதீர்கள். சொன்னவர் யார், எந்தத் தோட்டத்தில் இருந்தவர், அவர் குடும்பம் தமிழ்நாட்டில் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, அந்தச் சொல்லைச் சொன்ன நேரம், காற்று வந்த திசை, அதற்குப் பின்னால் நடந்தது, எல்லாம் வேண்டும்.

கேட்கும் விதம் முக்கியம். "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டால் பெரியவர்கள் நமக்குப் புரியட்டும் என்று வானொலித் தமிழுக்கு மாறிவிடுவார்கள். "எப்போ இப்படிச் சொல்வீங்க?" என்று கேளுங்கள். அதைவிட நல்ல கேள்வி, "எதுக்கு இப்படிச் சொல்ல மாட்டீங்க?" என்பது. ஒரு சொல்லின் வேலி எங்கே இருக்கிறது என்று இந்தக் கேள்விதான் காட்டும்.

எங்கள் பழைய லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகள்) நான்கு வீடு தள்ளி இருந்த பெரியம்மா இப்போது மகன் வீட்டோடு தாமானில் (வீட்டுக் குடியிருப்பு) இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது. அவரிடம் போய்க் கேட்டேன்.

"சாயங்காலம் இடி இடிச்சு ஊத்துதே பெரியம்மா, அதுவும் பொயக்காத்துதானா?"

"அது மழை. பொயக்காத்து விடியக் கருக்கல்ல வரும். கடப்பக்கத்துலருந்து வரும். முதல்ல காடு கத்தும், அப்புறந்தான் மழை."

"பகல்ல வெறுங்காத்து அடிச்சா?"

"வெறுங்காத்துக்கு யாரு பொயக்காத்துன்னு சொல்லுவா? மேகம் கறுப்பா எழும்பி வரணும்."

ஐந்து நிமிடப் பேச்சில் பொருளின் எல்லை கிடைத்துவிட்டது. விடியற்காலை, மேற்கு (எங்களுக்குக் கடல் மேற்கில்), கறுத்த மேகம், காற்று முன்னே மழை பின்னே. இந்த நான்கும் சேர்ந்தால்தான் அந்தப் பெயர்.

ஏன் இவ்வளவு துல்லியம் என்று பால் வெட்டியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குளிர்ந்த விடியல் நேரத்தில்தான் மரத்தில் பால் நன்றாக இறங்கும். அதனால் இருட்டிலேயே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய் நிற்பார்கள். அதற்கு முன் மழை வந்துவிட்டால் பட்டை நனைந்து, வெட்டிய கோட்டில் பால் ஒழுங்காக ஓடாமல் மரத்தின் மேலெல்லாம் வழியும். அன்று வெட்டில்லை. வெட்டி முடித்த பிறகு வந்தால் அதைவிட மோசம். மங்கு என்னும் கிண்ணங்களில் இறங்கிய பாலில் மழைத் தண்ணீர் நிறைந்து வெளியே போய்விடும். உழைப்பும் போய், கூலியும் போகும். அம்மா நாலரை மணிக்கு வாசலில் நின்று மேற்கே பார்ப்பார். அடிவானத்தில் பட்டையாக ஒரு கறுப்பு, சத்தமில்லாத மின்னல், கன்னத்தில் திடீரென்று ஒரு சில்லிப்பு. பிறகு தூரத்தில் கித்தாக் காடு இரையும். அவர் வெளியே காயும் துணியை எடுக்கச் சொல்வதற்கு முன்பே எங்கள் கை கொடிக்குப் போயிருக்கும். சாயங்கால மழையும் விடியற்காலை மழையும் வானிலை அறிக்கைக்கு ஒன்றாக இருக்கலாம். எங்கள் வீட்டு அடுப்புக்கு அவை வேறு வேறு.

ஒரு சின்னக் குறிப்பு. பெரியவர்கள் ஊர்ப்பெயரை எப்படிச் சொல்கிறார்கள் என்பதையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பெரியம்மா இன்னும் "தெலுக் ஆன்சன்" என்றுதான் சொல்வார். 1982-இல் தெலுக் இந்தான் ஆன ஊர் இது. அவர் பேச்சு எந்தக் காலத்தில் வேர் பிடித்தது என்று அதிலேயே தெரிகிறது.

காதில் விழுந்ததை எழுத்துக்குக் கொண்டுவருவது

"பொயக்காத்து" என்று அகராதியில் தேடினால் கிடைக்காது. பேச்சை எழுத்துக்கு மீட்க வேண்டும். அதற்கு ஒழுங்கு இருக்கிறது, குத்துமதிப்பு கூடாது.

பேச்சில் சொல்லின் முதலில் வரும் உகரம், அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ இருந்தால் ஒகரமாகும். புகை "பொகை" ஆகிறது, உடம்பு "ஒடம்பு" ஆகிறது. அதே ஒழுங்கில் புயல் "பொயல்" ஆகும். அடுத்து, புயலும் காற்றும் சேர்ந்தால் எழுத்தில் புயற்காற்று. விற்க, நிற்க என்பவை நம் வாயில் விக்க, நிக்க ஆவதைப் போல அந்த ற்கா "க்கா" ஆகிறது. நேற்று நேத்து ஆவதைப் போலக் காற்று காத்து ஆகிறது. புயற்காற்று, பொயக்காத்து. ஒவ்வோர் எழுத்துக்கும் காரணம் சொல்ல முடிகிறது. அப்படிச் சொல்ல முடியாவிட்டால் நீங்கள் பிடித்த சொல் வேறு சொல்லாக இருக்கலாம்.

திரும்பி வரும் வழியில் ஓர் இடறல் உண்டு. பேச்சில் "கொடை" என்று கேட்டால் அது குடையாகவும் இருக்கலாம், கொடுக்கும் கொடையாகவும் இருக்கலாம். ஒலி மட்டும் போதாது. எங்களுக்கும் இந்த இடறல் வந்தது. கடைக்கு வரும் ஒரு தம்பி மிகுந்த ஆர்வத்தோடு சொன்னார்: "அக்கா, அது பொய்க்காத்து. வந்த வேகத்துல அரை மணி நேரத்துல போயிடுது பாருங்க, அதான்." கேட்க அழகாக இருந்தது. அழகாக இருக்கும் விளக்கத்தைத்தான் இருமடங்கு சோதிக்க வேண்டும்.

இரண்டு சோதனை வைத்தோம். முதலாவது, இதே சொல்லைக் காற்று இல்லாமல் தனியாகச் சொல்கிறார்களா? பெரியம்மா "பொயலு அடிக்குது" என்றும் சொல்கிறார். அங்கே லகரம் தெளிவாக நிற்கிறது. பொய்யில் லகரம் கிடையாது. இரண்டாவது, தமிழில் மழை பொய்த்தது என்றால் பெய்யாமல் போனது என்று பொருள். கூரைத் தகரத்தைத் தூக்கிப் போகும் காற்றுமழைக்கு அந்தப் பெயரை யார் வைப்பார்கள்? தம்பியின் விளக்கத்தையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மக்கள் ஒரு சொல்லை எப்படி நினைத்துப் பார்க்கிறார்கள் என்பதும் சேர்த்து வைக்க வேண்டியதுதான். ஆனால் வேர் என்ற தலைப்பின் கீழ் அல்ல.

அகராதியில் எல்லாப் பொருளையும் படியுங்கள்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியை எடுங்கள். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. இன்று கைப்பேசியிலேயே இலவசமாகத் தேடலாம். மொழிபெயர்ப்புச் செயலியில் சொல்லைத் தட்டிவிட்டு வரும் ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடாதீர்கள். அது இன்றைய செய்தித்தாள் பொருளைத்தான் தரும்.

பேரகராதியில் புயல் என்ற சொல்லுக்கு மேகம், மழை பெய்தல், நீர், பெருங்காற்று என்று பல பொருள்கள் வரும். தம்பி மகள் கடைசியைப் பார்த்துவிட்டு "சரிதான், பெருங்காற்று" என்று மூடப் போனாள். நிறுத்தினேன். மேகத்துக்கும் நீருக்கும் அங்கே என்ன வேலை? ஒரு சொல்லின் கீழ் நாம் எதிர்பார்க்காத பொருள் நின்றால், தேடல் அங்கேதான் தொடங்குகிறது.

இனமொழிகளையும் பார்க்க விரும்பினால் பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இருக்கிறது. 1961-இல் முதல் பதிப்பு, 1984-இல் இரண்டாம் பதிப்பு. தொடக்கத்தில் கொஞ்சம் கடினமாக இருக்கும். மலையாளம், கன்னடம், தெலுங்கு என்று வரிசையாக உறவுச் சொற்களை அடுக்கியிருப்பார்கள். அங்கே ஒலி ஒற்றுமையை மட்டும் பார்த்து உறவு கட்டாதீர்கள். பெய்தலிலிருந்து வந்த "பெயல்" என்ற பழைய சொல்லும் மழைதான். புயலுக்கு அண்ணன் தம்பி போலவே தெரிகிறது. தெரிவதால் மட்டும் உறவாகிவிடாது. நான் அவற்றை நோட்டில் எதிரெதிர்ப் பக்கத்தில் எழுதி, நடுவில் கோடு போடாமல் விட்டிருக்கிறேன்.

பழைய வரியில் போட்டுப் பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. இன்று நமக்குத் தெரிந்த பொருளைப் பழைய வரியில் வைத்துப் படித்துப் பார்ப்பது. பொருந்தாவிட்டால் சொல் இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

வான்சிறப்பில் உள்ள பதினான்காவது குறள் தமிழ்ப்பள்ளியில் படித்த எல்லாருக்கும் தெரியும்.

ஏரின் உழாஅர் உழவர் புயலென்னும்
வாரி வளங்குன்றிக் கால்.

புயலுக்கு இன்றைய பொருளை வையுங்கள். சுழற்காற்று குறைந்துபோனால் உழவர்கள் ஏர் பூட்டமாட்டார்கள் என்று வரும். அப்படி எந்த உழவர் இருப்பார்? பரிமேலழகர் இங்கே புயலை மழை என்றே உரைக்கிறார். வாரி என்பதை வருவாய் என்கிறார். மழையாகிய வருவாய் குறைந்தால் உழவு நின்றுபோகும். இன்று கேட்டவுடன் நடுங்கவைக்கும் சொல், அன்றைக்கு உழவனின் சம்பளம். இதை அம்மாவுக்குப் படித்துக் காட்ட முடியவில்லையே என்று எனக்கு இன்னும் இருக்கிறது. மழையையும் கூலியையும் ஒரே மூச்சில் நினைத்தவர் அவர்.

இரண்டாவது சோதனை எங்கள் கோயில் பஜனையிலிருந்து கிடைத்தது. பெருமாளுக்குப் புயல்வண்ணன் என்று ஒரு பெயர் உண்டு. காற்றுக்கு ஏது வண்ணம்? கார்முகில் வண்ணன் என்று பாடும் அதே கருத்துதான். புயல் அங்கே கறுத்த மேகம். தம்பி மகளுக்கு அகராதி நம்பவைக்காததை இந்த ஒரு பெயர் நம்பவைத்தது. புயலேறு என்ற சொல்லும் இருக்கிறது, இடிக்குப் பெயர். ஏறு என்றால் காளை. மேகத்தின் காளை உறுமுவதுதான் இடி.

மேகம் எப்படிப் பெருங்காற்று ஆனது என்ற கேள்வி இப்போது வரும். இந்த இடத்தில் பலர் ஊகத்தில் இறங்கிவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக, இதே வழியில் நடந்த வேறு சொற்கள் தமிழில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருக்கின்றன. மழை என்ற சொல்லுக்கே பழந்தமிழில் மேகம் என்ற பொருள் உண்டு. மழை தவழும் மலை என்றால் மேகம் தவழும் மலை. கொண்டல் இன்னும் நல்ல சாட்சி. நீரைக் கொண்ட மேகத்துக்கும் அதுதான் பெயர், கிழக்கிலிருந்து வரும் காற்றுக்கும் அதுதான் பெயர். மேகம், மழை, காற்று மூன்றும் தமிழன் கண்ணில் ஒரே கூட்டமாக வந்திறங்கியவை. ஒன்றின் பெயர் இன்னொன்றுக்குப் போனதில் வியப்பில்லை.

சூறாவளியை எதிரே வைத்தால் வேறுபாடு துலங்கும். அது சூறையும் வளியும் சேர்ந்தது. வளி என்றால் பழந்தமிழில் காற்று. கரிகாலனைப் பாடிய வெண்ணிக்குயத்தியார் அவன் முன்னோனை "வளிதொழில் ஆண்ட" வல்லவன் என்கிறார். சூறையாடு என்பதில் இருக்கும் அதே சூறை முன்னால் நிற்கிறது. சூறாவளி தொடக்கத்திலிருந்தே காற்றின் பிள்ளை. புயல் மேகத்தின் வீட்டிலிருந்து வந்தது.

நம் நாட்டில் இன்னொரு கதவையும் தட்டிப் பார்க்க வேண்டும். தோட்டத்துச் சொல் மலாயிலிருந்து வந்திருக்கலாம். கித்தா, மங்கு எல்லாம் அப்படி வந்தவைதானே. மலாயில் கடுங்காற்றுக்கு ரிபுட். எங்கள் சொல்லோடு அதற்கு ஒட்டில்லை. சுழன்று இறங்கும் காற்றுக்குப் பூத்திங் பெலியோங் என்பார்கள். பெலியோங் மரம் செதுக்கும் கோடரி வகை, பூத்திங் அதன் கைப்பிடிக்குள் நுழையும் கூரிய வால். மேகத்திலிருந்து தொங்கும் அந்த உருவத்தைப் பார்த்தவர்களுக்குப் பெயர் புரியும். டுரியான் மூசிம் என்று நாம் சொல்லும் மூசிம், பருவத்தைக் குறிக்கும் அரபுச் சொல் மவ்சிமிலிருந்து மலாய்க்கு வந்தது. ஆங்கிலத்தின் மோன்சூனும் அதே அரபுச் சொல்தான், போர்த்துகீசியர் வழியாகச் சுற்றி வந்தது. ஆக மோன்சூன் மூசிம் என்று நம் கடையில் பேசும்போது ஒரே சொல்லை இரண்டு முறை சொல்கிறோம்.

இனித் தம்பி மகளின் கேள்வி. சொல்லை வானத்தோடும் ஒப்பிட வேண்டும். இதைச் செய்யாத தேடல் பாதித் தேடல்.

அவள் பள்ளியில் படித்தது பெரும்பாலும் சரிதான். பூமி சுழல்வதால் காற்றை வளைக்கும் விசை நிலநடுக்கோட்டருகே மிகக் குறைவு. நாம் ஏறத்தாழ 4 பாகை வடக்கில் இருக்கிறோம். வங்கக் கடலில் உருவாவதைப் போன்ற சுழற்புயல் இங்கே அரிது. அரிதே தவிர, அறவே இல்லை என்று சொல்ல முடியாது. 1996 டிசம்பரில் கிரெக் என்ற புயல் சபாவைத் தாக்கி 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2001 டிசம்பரில் வாமெய், ஏறத்தாழ ஒன்றரைப் பாகையிலேயே உருவாகி ஜோகூரில் கரையேறியது.

பெரியம்மா சொல்லும் விடியற்காலைக் காற்று இவை எதுவும் இல்லை. அது சுமத்ரா காற்று. இரவில் சுமத்ராவிலும் மலாக்கா நீரிணையிலும் இடிமேகங்கள் வரிசையாகத் திரண்டு, கிழக்கு நோக்கி நகர்ந்து, விடியும் முன்னோ விடிந்த சற்று நேரத்திலோ நம் மேற்குக் கரையில் ஏறும். மேகம் பட்டையாகத் தெரியும். குளிர்ந்த காற்று முன்னால் பாயும். மழை பின்னால் கொட்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிலும் அதன் முன்பின் மாதங்களிலும் இது வழக்கம். பெரியம்மா வரிசைப்படுத்திய நான்கும் அப்படியே இருக்கின்றன.

"அப்போ அப்பாயி சொன்னது தப்பா சரியா?" என்றாள். சைக்ளோன் என்ற சொல்லே 1840-களில் கல்கத்தாவில் ஹென்றி பிடிங்டன் கிரேக்கச் சொல்லிலிருந்து உருவாக்கியது. இன்று செய்திகளில் அந்தச் சைக்ளோனுக்குத் தமிழாகப் புயல் நிற்கிறது. அதற்குப் பல நூற்றாண்டு முந்தைய சொல்லை அந்த ஒரு பொருளுக்குள் அடைத்து, அடங்காதவரைத் தப்பு என்பது நியாயமில்லை. கறுத்த மேகமும் மழையும் காற்றும் ஒன்றாக வருவதைப் பார்த்தவர் புயல் என்றார். சரியாகத்தான் சொன்னார் என்றேன்.

அதே சமயம், குறளின் பொருளை என் அம்மா காப்பாற்றி வைத்திருந்தார் என்று நான் எழுதமாட்டேன். நடுவில் இருக்கும் காலத்துக்கு என்னிடம் சாட்சி இல்லை. ஊரில் பெருங்காற்றுக்குச் சொன்னதை இங்கே பார்த்த காற்றுக்கு எடுத்து வைத்திருக்கலாம். பழந்தமிழில் மேற்கிலிருந்து வருவது கோடைக்காற்று. ஆனால் கோடை என்றாலே வெயில் என்று பழகிய வாய்க்கு, இந்த ஈரக் காற்றை அப்படி அழைக்க வராது என்பது என் எண்ணம். இப்படிப்பட்டவற்றுக்காகவே நோட்டில் கேட்டது, படித்தது, நினைப்பது என்று மூன்றையும் தனித்தனி வரியில் எழுதுங்கள். பிறகு யாராவது உங்கள் நினைப்பைத் திருத்தினாலும், கேட்டது கெடாமல் இருக்கும்.

என் நோட்டில் அந்தப் பக்கம் இப்படி இருக்கிறது:

பொயக்காத்து. பொயலு என்றும் சொல்வர். சொன்னவர்கள்: அம்மா, லயத்துப் பெரியம்மா.
கேட்டது: விடியக் கருக்கல், மேற்கு, கறுத்த மேகம், காடு கத்திய பின் மழை. சாயங்கால மழைக்குச் சொல்வதில்லை. வெறுங்காற்றுக்கும் இல்லை.
படித்தது: புயல், முதலில் மேகமும் மழையும். குறள் 14. புயல்வண்ணன்.
நினைப்பது: சுமத்ரா காற்றுக்கு வைத்த பெயர்.
கேட்க வேண்டியது: பாகான் டத்தோ பக்கம் தென்னந்தோட்டத்தில் இருந்தவர்கள் இதற்கு என்ன சொன்னார்கள்? அங்கே பால் வெட்டு இல்லை. விடியற்காலைக்குத் தனிப் பெயர் வைத்தார்களா?